ஒரு முறம் தவிடு

1

என் மகன் குமாருக்கு இரண்டரை வயது. போன திங்கட்கிழமை அவனை இங்கே நர்சரியில் சேர்த்தோம். நர்சரி என்றதும் நாற்றுப் பண்ணை என்று நினைத்துவிடாதீர்கள். நம்மூர் பால்வாடி மாதிரிதான். உப்புமாவுக்குப் பதில் மசித்த உருளைக்கிழங்கு, பாய்க்குப் பதில் முழங்கால் உயரத்துக்குச் சின்னச் சின்னக் கட்டில்கள். வேலைக்குப் போகிற தாய்மார் காலையில் விட்டுவிட்டுச் சாயங்காலம் வந்து அழைத்துப் போகலாம்.

இதையெல்லாம் ஒரு விஷயம் என்று உட்கார்ந்து எழுத வேண்டுமா என்று கேட்பீர்கள். எட்டு வருஷத்துக்கு முன்னால் இதே நர்சரியின் பச்சைக் கதவுக்கு முன்னால் இன்னொரு குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு நான் நின்றிருக்கிறேன். அவள் பெயர் வசந்தி. என் மகள். நான் பெற்றவள். அவளை இங்கே சேர்க்காமல், பாலக்கோட்டில் இருக்கும் என் அக்கா ருக்மணியிடம் கொண்டுபோய் விட்டேன். இரண்டு வருஷத்துக்கு என்று சொல்லித்தான் விட்டேன். இப்போது அவளுக்கு ஒன்பது வயது ஆகிறது. இன்னும் அங்கேதான் இருக்கிறாள்.

குமாருக்கு இடம் தேடி அலைந்துகொண்டிருந்த வாரத்தில் அவளிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. நீல நிற விமானத் தபால் தாள். கோடு போட்டு, கோட்டை அழித்து, அதன்மேல் குண்டு குண்டாக எழுதியிருந்தாள்.

“அன்புள்ள சித்திக்கு, நாங்கள் நலம். நீங்களும் சித்தப்பாவும் தம்பியும் நலமா? நான் வகுப்பில் இரண்டாவது ரேங்க். தம்பியைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லாமல் நீங்கள் கஷ்டப்படுவதாக அம்மா சொன்னார்கள். தம்பியை இங்கே அனுப்பிவிடுங்கள் சித்தி. என்னைப் பார்த்துக்கொள்வது போலவே அம்மா அவனையும் பார்த்துக்கொள்வார்கள். நானும் தூக்கி வைத்துக்கொள்வேன்.”

அம்மா என்று அவள் எழுதியிருப்பது என் அக்காவை. சித்தி என்று எழுதியிருப்பது என்னை. படித்துவிட்டுக் கடிதத்தை அரிசி டப்பாவுக்கு அடியில் வைத்தேன். மறுபடி எடுத்துப் படித்தேன். அன்று சோறு குழைந்துபோயிற்று.

2

நான் பாப்பிரெட்டிப்பட்டிக்காரி. சரோஜா. நர்சுக்குப் படித்து, கல்யாணம் ஆனதும் அறுபத்தைந்தில் கணவரோடு இங்கே வந்தேன். இங்கிலாந்தின் வடபுறம், எங்கே திரும்பினாலும் பஞ்சாலைப் புகைபோக்கி தெரிகிற ஊர். அவருக்கு ரொட்டி ஆலையில் வேலை. எனக்கு ஆஸ்பத்திரியில். அடுத்த வருஷம் ஒரு ஆண் குழந்தை பிறந்து இரண்டே நாள் இருந்தான். அவனைப் பற்றி இதற்கு மேல் எழுத என்னால் முடியாது. அறுபத்தெட்டில் வசந்தி பிறந்தாள்.

பிரசவ விடுப்பு முடிந்ததும் அவரும் நானும் ஷிப்டை மாற்றி மாற்றிப் போட்டு ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் ஒரு வருஷத்தை ஓட்டினோம். அவர் வாசலில் நுழைவார், குழந்தையைக் கையில் கொடுத்துவிட்டு நான் கிளம்புவேன். பிறகு ஆலையில் அவர் ஷிப்டைப் பகலுக்கு மாற்றிவிட்டார்கள். என் வேலையும் பகலில். குழந்தையை எங்கே விடுவது? வேலையை விடலாம் என்றால், நாங்கள் குடியிருந்ததே ஆஸ்பத்திரி கொடுத்த அறைகளில். வேலை போனால் கூரையும் போகும்.

முதலில் ஒரு வெள்ளைக்கார அம்மாளின் வீட்டுக்குப் போய்ப் பார்த்தோம். வீட்டிலேயே பிள்ளைகளை வைத்துப் பார்த்துக்கொள்பவர். ஒரே அறையில் ஏழு பிள்ளைகள். நடுவில் மண்ணெண்ணெய் கணப்பு. ஒரு பிள்ளையைத் தள்ளுவண்டியில் வாரால் கட்டிச் சுவரைப் பார்க்கத் திருப்பி வைத்திருந்தார். “இவன் கணப்பைத் தொடுகிறான், அதனால்தான்” என்றார். கன்றுக்குட்டியைக்கூட நாம் கொஞ்சம் நீளமாகத்தான் கட்டுவோம். திரும்பிப் பார்க்காமல் வந்துவிட்டோம்.

இரண்டாவது, கொஞ்சம் வசதியானவர்கள் பிள்ளைகளை விடும் தனியார் நர்சரி. அந்த அம்மாள் டீ கொடுத்தார், பிஸ்கட் கொடுத்தார், வசந்தியின் கண் அழகு என்றார். எல்லாம் முடிந்ததும், “எனக்கு ஒன்றும் இல்லை, மற்றத் தாய்மார்கள்தான் என்ன நினைப்பார்களோ” என்றார். மற்றத் தாய்மார் ஒருவரையும் நான் கண்ணால் பார்க்கவில்லை. டீ மட்டும் நன்றாக இருந்தது.

மூன்றாவதுதான் இந்தப் பச்சைக் கதவு. நகராட்சி நடத்துவது. உள்ளே நுழைந்ததும் சுவரில் வரிசையாகக் கோட்டு மாட்டும் கொக்கிகள். ஒவ்வொன்றுக்கும் மேலே ஒரு படம். வாத்து, பந்து, மணி, குடை. படிக்கத் தெரியாத பிள்ளைக்குத் தன் கொக்கி எது என்று தெரிய வேண்டுமாம். வசந்தி என் இடுப்பிலிருந்து எட்டிக் குடைப் படத்தைத் தொட்டாள். அங்கே பொறுப்பாக இருந்த அம்மாள் சிரித்துக்கொண்டே, “அப்படியானால் இது உன்னுடையதுதான்” என்றார்.

அது பிள்ளைகள் தூங்கும் நேரம். ஒரு கூடத்தில் இருபது கட்டில்கள். ஒரு குழந்தை மட்டும் எழுந்து உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தது. யாரும் தூக்கவில்லை. “கொஞ்ச நேரத்தில் தானே அடங்கிவிடும்” என்றார் அந்த அம்மாள். தட்டிக்கொடுக்க ஒரு கை இல்லாமலா என் பிள்ளை தூங்க வேண்டும்? அப்படித்தான் அன்று எனக்குத் தோன்றிற்று. அந்தக் குழந்தை நாங்கள் கூடத்தை விட்டு வெளியே வருவதற்குள் அடங்கித் தூங்கிவிட்டது. அதையும் பார்த்தேன். ஆனால் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை.

3

பார்த்த மூன்றில் இதுதான் தேவலை என்று இருவரும் ஒத்துக்கொண்டோம். இடம் கொடுப்பது நகராட்சி. அதற்கு முன்னால் ஒரு நர்சம்மா வீட்டுக்கு வந்து விசாரிப்பார். வசந்தி பிறந்ததிலிருந்து வீட்டுக்கு வந்து அவளுக்கு எடை போடும் அம்மாள்தான். முதலில் தகப்பன் இல்லாத பிள்ளைகளுக்கு, பிறகு தாய் நோயாளியாக இருக்கும் பிள்ளைகளுக்கு, அதன்பிறகு ஒத்தாசைக்கு யாருமே இல்லாத குடும்பங்களுக்கு என்று ஒரு வரிசை வைத்திருந்தார்கள்.

அந்த அம்மாள் மடியில் காகிதத்தை வைத்துக்கொண்டு கேட்டார்: “உங்களுக்கு ஒத்தாசை செய்யக் குடும்பத்தார் யாராவது இருக்கிறார்களா?”

நம்மூரில் ஒருத்தி வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துகொண்டு உனக்கு யாரும் இல்லையா என்று கேட்டால் அது விசாரிப்பா, வசவா? எனக்குச் சுருக்கென்றது. தனியார் நர்சரியில் குடித்த டீ வேறு இன்னும் தொண்டையில் நின்றது. நாங்கள் ஒன்றும் நாதியற்றவர்கள் இல்லை என்று காட்ட வேண்டும் போலிருந்தது. நிமிர்ந்து உட்கார்ந்து சொன்னேன்: “ஏன் இல்லை? எனக்கு ஒரு அக்கா, இரண்டு அண்ணன், அண்ணிமார். கணவர் பக்கத்தில் மூன்று நாத்தனார். இந்தக் குழந்தையைத் தரையில் விடாமல் தாங்குவார்கள்.”

“ரொம்ப நல்லது” என்று சந்தோஷமாக எழுதிக்கொண்டார். அவர்கள் எங்கே இருக்கிறார்கள் என்று அவர் கேட்கவில்லை. கடல் தாண்டி இருக்கிறார்கள் என்று நானும் சொல்லவில்லை. ஊரெல்லாம் உறவு, ஒரு வாய்ச் சோறில்லை என்பார்களே, அந்தக் கதைதான். இரண்டு வாரத்தில் கடிதம் வந்தது: உங்களைவிடத் தேவை அதிகம் உள்ளவர்கள் முன்னால் இருக்கிறார்கள், இப்போதைக்கு இடம் இல்லை.

அக்காவுக்கு எழுதிப் போட்டேன். கல்யாணமாகிப் பதினொரு வருஷம், அவளுக்குக் குழந்தை இல்லை. பதில் தந்தியாக வந்தது. கொண்டு வா என்று மட்டும்.

“ரெண்டே வருசம் சரோ. கண்ண மூடித் தெறந்தா ஓடிரும். அதுக்குள்ள நமக்கு ஒரு வூடு அமைஞ்சிரும்” என்றார் கணவர். அவர் சொன்னது எனக்குத் தைரியம் சொல்லவா, அவருக்கே சொல்லிக்கொண்டதா தெரியவில்லை.

4

பாலக்கோட்டில் மூன்று வாரம் இருந்தேன். அக்காவின் வீட்டுக்காரர், எங்கள் மாமா, கடைவீதியில் சைக்கிள் கடை வைத்திருந்தார். வீட்டுக்குப் பின்னால் ஒரு மாட்டுக் கொட்டகை. வசந்திக்கு வயது ஒன்றேகால். வந்த நாளே கன்றுக்குட்டியோடு ஒட்டிக்கொண்டாள்.

நான் கிளம்ப மூன்று நாள் இருக்கும்போது அக்கா ஆரம்பித்தாள்.

“சரோ, ஒன்னு சொன்னா கோச்சுக்க மாட்டியே? மொதப் புள்ள தங்கல. இதுக்காவது செய்ய வேண்டியத செஞ்சிரலாம். தவுட்டுக்கு வித்துரு.”

உங்களுக்குத் தெரியாததில்லை. முதல் பிள்ளை தவறிப்போனால், அடுத்ததை ஒரு முறம் தவிட்டுக்கு வேறொருத்திக்கு விற்றுவிடுவது. இது இவளுடைய பிள்ளை இல்லை என்று எமன் ஏமாந்து போய்விடுவானாம். நான் ஆஸ்பத்திரியில் மருந்து அளக்கிறவள். சிரித்தேன். ஆனாலும் அக்காவின் முகத்தைப் பார்த்ததும் மறுக்க மனம் வரவில்லை. அவள் ஆசைக்குச் செய்துவிட்டுப் போகலாம், இதில் என்ன குடி முழுகிவிடும் என்று நினைத்தேன்.

எதிர் வீட்டு மும்தாஜ் அக்கா சாட்சிக்கு வந்தார். அவர் வீட்டுக்காரர் தையற்காரர். நான் முந்தானையை ஏந்தினேன். அக்கா ஒரு முறம் தவிட்டை அதில் கொட்டினாள். வசந்தியைத் தூக்கி அக்காவின் மடியில் வைத்தேன்.

“வித்தியா?” என்றாள் அக்கா.

“வித்தேன்” என்றேன்.

“வாங்குனேன்” என்றாள். மூன்று முறை சொல்ல வேண்டும். மூன்றாவது முறை அவளுக்குக் குரல் கம்மிப் போயிற்று.

மும்தாஜ் அக்கா மூக்கைத் துடைத்துக்கொண்டு, “நாந்தான் சாட்சி. திரும்ப வாங்கறப்ப இதே மொறம் நெறைய அளந்து குடுத்துட்டு கூட்டிக்கிட்டு போம்மா. ஏமாத்திராத” என்று சிரித்தார். முந்தானையில் இருந்த தவிட்டை என்ன செய்வது? மாட்டுக்குக் கழுநீரில் கலந்து வைத்தேன். மாடு ஒரே மூச்சில் குடித்துவிட்டது.

கிளம்பும் அன்று, குழந்தை பார்த்தால் அழுவாள் என்று எல்லாரும் சொன்னார்கள். “கண்ணுல படாம போயிரு சரோ. ஏங்கிப் போயிரும்” என்றாள் அக்கா. நம் வழக்கம் அதுதானே. மாமா அவளுக்குக் கன்றுக்குட்டியைக் காட்டிக்கொண்டிருந்தார். நான் முன்வாசல் வழியாகப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு திருடியைப் போல வெளியே வந்தேன். போய்வருகிறேன் என்று அவளிடம் சொல்லவில்லை. தர்மபுரி பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகு, மார்பில் பால் கட்டியிருப்பது தெரிந்தது. அப்போதும் நான் இறங்கவில்லை.

5

இங்கே வந்து ஐந்தாம் நாள் கதவு தட்டும் சத்தம் கேட்டது. எடை போடும் நர்சம்மா. முகம் நிறையச் சிரிப்போடு கையில் ஒரு உறையை வைத்துக்கொண்டு நின்றார்.

“குழந்தை எங்கே? நல்ல சேதி கொண்டுவந்திருக்கிறேன். ஒரு குடும்பம் ஊரை விட்டுப் போகிறது. இடம் காலி. வரும் திங்கட்கிழமையிலிருந்து அவளை விடலாம்.”

“அவள் என் அக்காவிடம் இருக்கிறாள்” என்றேன்.

“நல்லது. எந்தத் தெரு?”

பாலக்கோடு என்றேன். அவருக்குப் புரியவில்லை. இந்தியா என்றேன். அவர் சிரிப்பு நின்றது. கேட்காமலே நாற்காலியில் உட்கார்ந்தார். “உங்கள் குடும்பமெல்லாம் இந்தியாவிலா இருக்கிறது? இங்கே உங்களுக்கு யாருமே இல்லையா? ஏனம்மா சொல்லவில்லை? இதைச் சொல்லியிருந்தால் அப்போதே இடம் கொடுத்திருப்பேனே” என்றார். கோபம் இல்லை அவருக்கு. கோபப்பட்டிருந்தால் நானும் நாலு வார்த்தை பேசி ஆறியிருப்பேன்.

ஒரு மாதம் இடத்தைப் பிடித்து வைக்கிறேன், போய்க் கூட்டி வாருங்கள் என்றார். உடனே திரும்பிப் போக விமானச் செலவுக்கு வழியில்லை, விடுப்பும் இல்லை. அதெல்லாம் உண்மைதான். ஆனால் வழி இருந்திருந்தாலும், வந்த வேகத்தில் ஊருக்குத் திரும்பிப் போய் நிற்க வெட்கப்பட்டிருப்பேன் என்பதும் உண்மை. ஊர் என்ன சொல்லும்? ஒரு மாதம் கழிந்தது. குடைப்படக் கொக்கியில் யாருடைய கோட்டோ தொங்கியிருக்கும்.

இரண்டு வருஷம் என்றது நாலாக நீண்டது. மாதம் தவறாமல் அக்காவுக்குக் கடிதம் போட்டேன். ஒரு முறை தீர்த்தமலையில் எடுத்த படம் ஒன்றை அனுப்பியிருந்தாள். மொட்டைத் தலையில் சந்தனத்தோடு வசந்தி அக்காவின் மடியில் இருந்தாள். படத்தின் பின்னால் மாமா எழுதியிருந்தார்: “பாப்பாவுக்கு முடியிறக்கியாச்சு. நீங்கள் வரும்வரை தள்ளிப்போட மனசு வரவில்லை.” நானும் கணவரும் உட்கார்ந்து செய்ய வேண்டிய காரியம் அது. கணவர் படத்தை வெகுநேரம் கையில் வைத்திருந்தார். பிறகு, “மண்டை நல்ல உருண்டையா இருக்குது” என்றார்.

6

எழுபத்து மூன்றில், சொந்தமாக ஒரு சின்ன வீடு அமைந்த பிறகு, ஆறு வார விடுப்பில் அவளை அழைத்துவரப் போனேன். அப்போது அவளுக்கு ஐந்து வயது. பாலக்கோட்டு வீட்டு வாசலில் பாவாடை சட்டையோடு நின்றிருந்தாள். என்னைப் பார்த்ததும், “வாங்க” என்றாள்.

அந்த மரியாதைதான் முதலில் குத்திற்று. பெற்றவளை யார் வாங்க என்பார்கள்? அக்காவை அவள் நீ, வா, போ என்றாள். மாமாவைத் தோளில் ஏறி உதைத்தாள். எனக்கு மட்டும் ‘ங்க’. நான் கொண்டுபோன பொம்மையை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு, “நல்லா இருக்குதுங்க” என்றாள்.

“ஏ புள்ள, அம்மானு சொல்லு. இவதான் உன்னப் பெத்த அம்மா. எத்தினி வாட்டி சொல்லியிருக்கறேன்” என்று அக்கா அதட்டினாள்.

“அம்மா நீதான. உன் தங்கச்சின்னா எனக்குச் சித்திதான?” என்றாள் வசந்தி. முறை அவளுக்குச் சரியாகத்தான் தெரிந்திருந்தது.

அக்காவின் மேல் ஒரு குற்றமும் சொல்ல மாட்டேன். அவள் ஒன்றையும் பிடித்து வைத்துக்கொள்ளவில்லை. பிள்ளைக்குச் சட்டை துணியெல்லாம் துவைத்து மடித்து வைத்திருந்தாள். பாஸ்போர்ட்டுக்குப் படம் எடுக்கத் தர்மபுரிக்கு அவளே கூட்டிப் போனாள். எந்தெந்த வயதில் என்னென்ன காய்ச்சல், எது ஒத்துக்கொள்ளாது, எந்தப் பக்கம் திரும்பிப் படுத்தால் தூக்கம் வரும் என்று ஒவ்வொன்றாக எனக்குச் சொல்லிக்கொடுத்தாள். நான் வார்டில் புது நர்சு மாதிரி தலையாட்டிக் கேட்டுக்கொண்டேன். என் பிள்ளையைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியவில்லை.

தெருவில் பிள்ளைகளைச் சீண்டுவார்களே, உன்னைத் தவிட்டுக்குத்தான் வாங்கினோம் என்று. பாலக்கோட்டிலும் அதற்குக் குறைவில்லை. மும்தாஜ் அக்கா வாசலில் நின்று, “ஏ வசந்தி, உன்ன தவுட்டுக்குத்தான வாங்குனாங்க?” என்பார். “உன்னையுந்தான்” என்று வாயாடிவிட்டு இவள் ஓடுவாள். எல்லாப் பிள்ளைகளையும் அப்படித்தான் சொல்கிறார்கள் என்று அவளுக்குத் தெரியும். அது விளையாட்டு.

கிளம்புவதற்கு முந்தின நாள் காலை அக்கா அதே முறத்தைக் கழுவிக் காயவைத்துக் கொண்டுவந்தாள். வாடிப் போன முகம். அரிசி ஆலையிலிருந்து புதுத் தவிடு வாங்கிவந்து கூடையில் வைத்திருந்தாள். மும்தாஜ் அக்காவும் வந்துவிட்டார்.

“சரோ, அளந்து குடுத்துட்டு உன் புள்ளைய நீ வாங்கிக்க. மொறையா நடக்கட்டும்” என்றாள் அக்கா.

வசந்தி தூணைப் பிடித்துக்கொண்டு பார்த்தாள். முறத்தைப் பார்த்தாள். தவிட்டைப் பார்த்தாள். எங்கள் மூவர் முகத்தையும் பார்த்தாள். யாரும் சிரிக்கவில்லை.

“நெசமாவே தவுட்டுக்குத்தான் வாங்குனீங்களா?” என்று கேட்டாள்.

மும்தாஜ் அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டார். வசந்தி கொட்டகைப் பக்கம் ஓடினாள். அழப் போகிறாள் என்று நினைத்து நான் எழுந்தேன். அதற்குள் திரும்பி வந்துவிட்டாள். பாவாடையை ஏந்திப் பிடித்திருந்தாள். அதில் மாட்டுக்கு வைத்திருந்த தவிடு. நடக்க நடக்கச் சிந்திக்கொண்டே வந்தாள். என் காலடியில் அத்தனையையும் கொட்டினாள்.

“இந்தாங்க தவுடு. என்னை எங்கம்மாவுக்கே குடுத்துருங்க.”

கீழே குனிந்து, சிந்தினதையும் கையால் கூட்டிக் குவித்து வைத்தாள். குறைந்துவிடக் கூடாதாம்.

அக்கா அவளை அடிக்கக் கை ஓங்கினாள். ஓங்கின கை அப்படியே நின்று, தன் வாயைப் பொத்திக்கொண்டது. பிறகு என்னிடம், “கூட்டிக்கிட்டு போயிரு சரோ. நாலு நாளு அழுவும். அப்பறம் சரியாயிரும். புள்ளைங்க மறந்துரும்” என்றாள். ஆமாம், மறந்துவிடும். அதற்கு நானே சாட்சி.

பெத்த மனம் பித்து, பிள்ளை மனம் கல்லு என்பார்கள். இங்கே கல்லாக இருந்தது யார் என்று எனக்குத் தெரியும். ஒரு தடவை இவளை ஒரு தாயிடமிருந்து பிரித்தாயிற்று. அதைச் செய்தவள் நான். இன்னொரு தடவையும் அதையே செய்ய எனக்குக் கை எழவில்லை. உட்கார்ந்து, அவள் கொட்டின தவிட்டை முந்தானையில் அள்ளிக் கட்டிக்கொண்டேன்.

“குடுத்துட்டேன்” என்றேன்.

அவள் போய் அக்காவின் இடுப்பைக் கட்டிக்கொண்டாள். அக்கா சத்தம் போட்டு அழுதாள். சந்தோஷமா துக்கமா என்று அவளுக்கே தெரிந்திருக்காது.

மறுநாள் பஸ் ஏற்றிவிட எல்லாரும் வந்தார்கள். இந்த முறை நான் ஒளிந்து போகவில்லை. போய்வருகிறேன் கண்ணு என்று அவளிடமே சொன்னேன். வசந்தி என்னைப் பார்த்து வாய் நிறையச் சிரித்தாள். அந்த ஆறு வாரத்தில் அவள் எனக்கென்று சிரித்தது அந்த ஒரு முறைதான். பஸ் திரும்பும்வரை கையை ஆட்டிக்கொண்டே இருந்தாள்.

7

அந்தத் தவிட்டில் ஒரு பிடியைக் கைக்குட்டையில் முடிந்து பெட்டியில் வைத்திருந்தேன். இங்கே விமான நிலையத்தில் சுங்க அதிகாரி அதைப் பிரித்துப் பார்த்து, என்ன இது என்றார். தவிட்டுக்கு இங்கிலீஷில் என்ன என்று அந்த நேரத்தில் வாயில் வரவில்லை. மாட்டுக்கு வைப்பது என்று உளறிவிட்டேன். போயிற்று. இங்கே மாட்டு நோய் என்றால் அவ்வளவு பயம். வெளிநாட்டுத் தீவனம் ஒரு துளிகூட உள்ளே விட மாட்டார்கள். மன்னியுங்கள் அம்மா என்று சொல்லிக் கைக்குட்டையோடு குப்பைக் கூடையில் போட்டுவிட்டார்.

அங்கேயே தரையில் உட்கார்ந்து அழுதேன். பாலக்கோட்டில் அழவில்லை, பஸ்ஸில் அழவில்லை, விமானத்தில் அழவில்லை. அத்தனையும் சேர்த்து அங்கே அழுதேன். அந்த அதிகாரி பயந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்தார். வேறொருவரைக் கூப்பிட்டு மெதுவாக ஏதோ கேட்டார். மாட்டுத் தீவனத்துக்கா ஒரு மனுஷி இப்படி அழுவாள் என்று கேட்டிருப்பார்.

வெளியே கணவர் காத்துக்கொண்டிருந்தார். கையில் ஐந்து வயதுப் பிள்ளைக்கு ஒரு சிவப்புக் கோட்டு. வெளியே குளிர் என்று முன்கூட்டியே வாங்கி வந்திருக்கிறார். என் முகத்தைப் பார்க்கவில்லை, எனக்குப் பின்னால் பார்த்தார். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு கோட்டை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு என் பெட்டியை வாங்கிக்கொண்டார்.

8

இந்தத் தடவை குமாருக்காக விசாரிக்க வந்தது வேறொரு நர்சம்மா. ஒத்தாசைக்கு யாராவது இருக்கிறார்களா என்று அதே கேள்வியைக் கேட்டார். “இல்லை. எங்களுக்கு இங்கே யாருமே இல்லை” என்றேன். கூசவில்லை. ஒரு மாதத்தில் இடம் கிடைத்தது.

திங்கட்கிழமை பச்சைக் கதவைத் திறந்துகொண்டு போனோம். கொக்கிகள் அப்படியே இருந்தன. குடைப் படத்தில் யாரோ ஒரு பிள்ளையின் மஞ்சள் மழைக்கோட்டு. குமாருக்கு மணிப் படம் கொடுத்தார்கள். அவன் என் புடவையைப் பிடித்துக்கொண்டு ஓவென்று அழுதான். அவன் கவனம் பொம்மை ரயிலின் பக்கம் திரும்பியதும் நான் பழக்க தோஷத்தில் நைசாகக் கதவுப் பக்கம் நகர்ந்தேன். அங்கே பொறுப்பாக இருக்கும் இளம்பெண் என் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

“ஒளிந்து போகாதீர்கள். போகிறேன் என்று அவனிடம் சொல்லுங்கள். எப்போது வருவேன் என்று சொல்லுங்கள். சொன்ன நேரத்துக்கு வாருங்கள். அழுவான், பரவாயில்லை.”

குனிந்து அவனிடம் சொன்னேன். அம்மா வேலைக்குப் போகிறேன், நாலு மணிக்கு வருவேன் என்று. அழுதான். விட்டுவிட்டு வந்து, எதிரே இருந்த பஸ் நிறுத்தத்தில் இரண்டு பஸ்ஸைத் தவறவிட்டு உட்கார்ந்திருந்தேன். நாலு மணிக்குப் போனபோது கையெல்லாம் நீலச் சாயத்தோடு, “மம்மி” என்று கத்திக்கொண்டு ஓடிவந்து காலைக் கட்டிக்கொண்டான். மம்மி என்றால் ஒரு அதட்டுப் போடுவது என் வழக்கம். அன்று போடவில்லை. எட்டு மணி நேரம் பிரிந்திருந்தோம், அவ்வளவுதான். வசந்திக்கும் அவ்வளவுதான் வேண்டியிருந்திருக்கும்.

இன்று எனக்கு விடுமுறை. அவனை விட்டுவிட்டு வந்து வசந்திக்குப் பதில் எழுத உட்கார்ந்தேன். தம்பிக்கு இங்கேயே நல்ல இடம் கிடைத்துவிட்டது, அதனால் அனுப்பவில்லை, அம்மாவிடம் வருத்தப்பட வேண்டாம் என்று சொல், நீ கேட்டதே எனக்கு ரொம்பச் சந்தோஷம் என்று எழுதினேன். ரேங்க் வாங்கினதற்குப் பாராட்டினேன். தலைக்கு எண்ணெய் வைத்துக்கொள் என்று எழுதிவிட்டு, அதெல்லாம் அக்கா பார்த்துக்கொள்வாள் என்று அந்த வரியை அடித்தேன்.

அவளுக்கு எழுதும் ஒவ்வொரு கடிதத்தின் முடிவிலும் ‘உன் அம்மா’ என்றுதான் இத்தனை வருஷமும் கையெழுத்துப் போட்டு வந்திருக்கிறேன். அதைப் பற்றி அவள் ஒரு முறையும் கேட்டதில்லை. பதிலில் சித்திக்கு என்றே எழுதுவாள். இன்றும் பேனா அந்த இடத்துக்கு வந்து நின்றது. மேலே எழுதியதைத் திரும்பப் படித்தேன். அம்மாவிடம் சொல் என்று நானே என் கையால் எழுதியிருக்கிறேன்.

‘இப்படிக்கு, உன் அன்புள்ள சித்தி’ என்று எழுதினேன். தாளை மடித்து ஒட்டி, தெருமுனைத் தபால் பெட்டியில் போட்டேன். மணியைப் பார்த்தேன். நாலாக இன்னும் பத்து நிமிஷம்தான் இருந்தது. சொன்ன நேரத்துக்குப் போக வேண்டும். ஓடினேன்.